செயப்பாட்டு வினையில் இறந்தவர்கள்: வன்முறையும் அழிவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று நூல்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து படித்து விவாதித்ததில் திரும்பத் திரும்ப எழுந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் ஒரு வாசகனுடையவை. வரலாற்றுப் பேராசிரியருடையவை அல்ல. சில கேள்விகள் நீண்ட விடையைக் கேட்டன. சிலவற்றுக்கு நான்கு வரி போதும் என்று தோன்றியது.

வரலாறு படிக்கப் படிக்க மனித இனத்தின் மீதே வெறுப்பு வருகிறது. இது படிப்பவரின் கோளாறா, வரலாற்றின் கோளாறா?

கொஞ்சம் வரலாற்றின் கோளாறு; கொஞ்சம் வாக்கியத்தின் கோளாறு.

முதலாவதை விளக்குவது எளிது. பாக்தாத் நகரம் 762-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது; 1258 பிப்ரவரியில் மங்கோலியப் படை அதைச் சூறையாடியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் அந்நகரம் வேறு முற்றுகைகளையும் கண்டதுதான். ஆனாலும் அந்த நூற்றாண்டுகளின் பெரும்பாலான நாட்களில் மக்கள் அங்கே விற்றார்கள், வாங்கினார்கள், நூல்களைப் படியெடுத்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் நினைவில் நிற்பதோ அந்த ஒரு பிப்ரவரி மாதம். ஒன்றும் நடவாமல் கழிந்த நாளை எவரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. ஆகவே வரலாற்றைப் பக்கக் கணக்கில் அளந்தால் மனித வாழ்வு முழுவதும் தீயும் வாளுமாகத் தெரியும். நாள் கணக்கில் அளந்தால் அப்படித் தெரியாது.

இரண்டாவது கோளாறு நுட்பமானது. இந்தப் பக்கத்தின் மற்ற விடைகளெல்லாம் அதையே சுற்றி வருகின்றன. வன்முறையைச் சொல்லும் வரலாற்று வாக்கியங்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் அமைகின்றன. ஒன்று, "பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டனர்" என்ற செயப்பாட்டு வினை. இதில் கொன்றவர் காணாமல் போகிறார். மற்றொன்று, "மனிதன் எவ்வளவு கொடியவன்" என்ற பொது வாக்கியம். இதில் கொன்றவர், கொல்லப்பட்டவர், அதை எண்ணூறு ஆண்டு கழித்து நாற்காலியில் அமர்ந்து படிப்பவர் என எல்லோரும் ஒரே எழுவாய்க்குள் அடைபடுகிறார்கள். முதல் வாக்கியத்தில் குற்றவாளியே இல்லை. இரண்டாவதில் எல்லோரும் குற்றவாளிகள். இரண்டிலும் தப்பித்துப் போகிறவர் ஒருவரே. மனித இனத்தின் மீது வெறுப்பு வரும்போது, அதற்கு முந்தைய வாக்கியத்துக்குத் திரும்பிப் போய் அதன் எழுவாய் எது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உதவியிருக்கிறது.

வன்முறை மனிதனின் இரத்தத்தில் ஊறியதுதானே?

"ஆம்" என்பவர்களுக்கும் "இல்லை" என்பவர்களுக்கும் எலும்புகள் சான்று சொல்கின்றன. சூடானின் வடக்கில், நைல் பள்ளத்தாக்கில், ஜெபல் சஹாபா என்ற இடத்தில் 1960-களில் ஓர் இடுகாடு அகழப்பட்டது. பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடைய அந்த இடத்தில் 61 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஒரே போரில் மாண்டவர்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டனர். 2021-இல் வெளிவந்த மறு ஆய்வு அக்கருத்தை மாற்றியது. பாதிக்கும் மேற்பட்டோரிடம் காயத் தடங்கள் இருந்தன. அவர்களில் சிலரிடம் ஆறிப்போன பழைய காயமும், ஆறுவதற்குள் உயிர் போன புதிய காயமும் சேர்ந்தே இருந்தன. அதாவது நடந்தது ஒரு போரன்று. ஆண்டுக் கணக்கில் நீடித்த தாக்குதல்கள். கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே நட்டாருக் என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழைமையான 27 பேரின் எச்சங்களும் இதே போன்ற கதையைச் சொல்வதாக அகழ்ந்தவர்கள் வாதிடுகிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு.

ஆகவே வன்முறை நாகரிகத்தோடு பிறந்த நோய் என்ற ஆறுதல் நமக்குக் கிடைப்பதற்கில்லை. ஆனால் "ஊறியது" என்ற சொல் அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது: தவிர்க்க முடியாதது என்கிறது. நம் நெருங்கிய உறவினங்களில் சிம்பன்சிகள் கூட்டமாகச் சென்று அண்டைக் கூட்டத்தைக் கொல்வது தான்சானியாவின் கோம்பேயில் 1970-களில் பதிவாயிற்று. அதே அளவு நெருக்கமான போனபோக்களிடம் அத்தகைய கொலைப் படையெடுப்பு காணப்படவில்லை. நாம் இரண்டுக்கும் ஒரே தொலைவில் நிற்கிறோம். பாலூட்டிகளின் குடிவழியை வைத்துச் செய்யப்பட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்று, மனித இனத்தின் தொடக்கக் காலத்தில் மொத்த இறப்புகளில் ஏறத்தாழ 2 விழுக்காடு தன் இனத்தாராலேயே நேர்ந்திருக்கலாம் என மதிப்பிட்டது. பிற்கால வரலாற்றில் அந்த விழுக்காடு சமூக அமைப்புக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் வந்திருப்பதாகவும் அதே ஆய்வு கூறியது. ஏறி இறங்கும் ஒன்றை இரத்தத்தின் மேல் மட்டும் சுமத்த முடியாது. இரத்தம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

சாதாரண மனிதர்கள் எப்படிக் கொலையாளிகள் ஆகிறார்கள்?

1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபுஃப் என்ற சிற்றூருக்கு ஜெர்மனியின் 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர்; பெரும்பாலோர் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுக் குடும்பத்தினர்; போர்முனைக்கு ஏற்ற வயதைக் கடந்தவர்கள். ஊரிலிருந்த யூதர்களைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்ற உத்தரவை அவர்களுடைய தளபதி டிராப் கலங்கிய குரலில் தெரிவித்தார். பிறகு, முடியாது என்று கருதும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். அந்தக் கணத்தில் முன்வந்து விலகியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். அன்று மாலைக்குள் குறைந்தது 1,500 பேர் சுடப்பட்டார்கள்.

நான் படித்தவற்றுள் என்னை மிக நீண்ட நாள் தொந்தரவு செய்தது இந்த நிகழ்ச்சி. காரணம், வழக்கமான சாக்குகள் எதுவும் இங்கே செல்லுபடியாகவில்லை. விலகியவர்கள் தண்டிக்கப்படவில்லை. கொன்றவர்கள் வெறியூட்டி வளர்க்கப்பட்ட இளைஞர்களும் அல்லர். பின்னாளில் நடந்த விசாரணையில் அவர்களில் சிலர் சொன்ன காரணங்கள் வெறுப்பைவிடக் கூச்சத்துக்கு அருகில் இருக்கின்றன: சகாக்கள் முன் கோழையாகத் தெரிய விருப்பமில்லை, தான் விலகினால் அந்த வேலை இன்னொருவன் தலையில் விழும். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரையும், அன்று நடுவிலே நழுவிப் போனவர்களையும் "மனித இயல்பு" என்ற சொல்லால் விளக்க முடியாது. இயல்பு எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருந்தது?

ருவாண்டாவை எடுத்துக்கொண்டால் கொலைக்கு முன்னதாக எவ்வளவு எழுத்து வேலை நடக்க வேண்டியிருந்தது என்பது தெரியும். 1930-களில் பெல்ஜியக் காலனி ஆட்சி ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாள அட்டை வழங்கியது. 1994 ஏப்ரலில் சாலைத்தடுப்புகளில் நின்றவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான். ஒருபுறம் வானொலி மக்களைத் தூண்டிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிடுகிறது. (பாருங்கள், நானும் செயப்பாட்டு வினைக்கே வந்துவிட்டேன். துட்சி மக்களையும், கொலையை எதிர்த்த ஹுட்டுக்களையும், அரசுப் படையினரும் இன்டெரஹாம்வே குண்டர்களும் அவர்களோடு சேர்ந்த அண்டை வீட்டாரும் கொன்றார்கள்.) "பழங்குடிப் பகை பொங்கி வழிந்தது" என்று அக்காலச் செய்திகள் சில எழுதின. பகை தானாகப் பொங்குவதற்கு அட்டையும் ஒலிபரப்பும் பட்டியலும் தேவைப்படுவதில்லை.

வன்முறை நூற்றாண்டுதோறும் குறைந்து வருகிறது என்கிறார்களே?

ஒரு பாதி உறுதியானது. மேற்கு ஐரோப்பாவின் பழைய நீதிமன்றப் பதிவுகளையும் பிணவிசாரணைப் பதிவுகளையும் ஆராய்ந்தவர்கள், தனிமனிதக் கொலை விகிதம் இடைக்காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுக்குள் பத்து மடங்குக்கும் மேல் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். போர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வானிலை அறிஞர் இக்கணக்கில் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துப் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். 1920-இல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் வந்தபோது வேலையை விட்டார். ஒரு கொலையிலிருந்து உலகப் போர் வரையிலான எல்லா மோதல்களையும், இறந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு, நிலநடுக்கத்தை அளப்பதுபோல் ஓர் அளவுகோலில் வரிசைப்படுத்தினார். பெரும் போர்கள் அரிதாக வருகின்றன. ஆனால் எப்போது வரும் என்பதற்கு ஒழுங்கேதும் இல்லை. மொத்த மரணங்களில் பெரும்பங்கு வரிசையின் இரு முனைகளில், அதாவது தனிக்கொலைகளிலும் உலகப் போர்களிலும், குவிந்திருக்கிறது என்று கண்டார். அப்படியானால் எழுபது, எண்பது ஆண்டு அமைதி என்பது போக்கா, இடைவேளையா என்று எண்களைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க இயலாது.

பழைய எண்களிலும் எச்சரிக்கை தேவை. சீனாவில் 755 முதல் 763 வரை நடந்த ஆன் லுஷான் கிளர்ச்சிக்கு முன் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 5 கோடியே 29 லட்சம் பேர். 764-இல் 1 கோடியே 69 லட்சம் பேர். இடையிலுள்ள மூன்றரைக் கோடிப் பேரையும் மாண்டவர்களாக எழுதும் நூல்கள் இருக்கின்றன. உண்மையில் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, மாகாணங்கள் கைநழுவிப் போனதையும், கணக்கெடுப்பவர்களே இல்லாமற் போனதையும், மக்கள் இடம்பெயர்ந்ததையும் காட்டுகிறது. எண்ண முடியாதவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் அல்லர்.

பழைய இலக்கியங்கள் போரைப் புகழ்கின்றனவே, அவற்றை இன்று எப்படி வாசிப்பது?

கூச்சமில்லாமல், கூர்ந்து. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஒன்பதாம் பாடலில் அம்பு விடுமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளிகளும் புதல்வரைப் பெறாதவர்களும் அரண் தேடிச் செல்லுங்கள் என்று அறிவிக்கும் அறநெறியை அவர் போற்றுகிறார். பதினைந்தாம் பாடலில் அதே அரசன் பகைவரின் அகன்ற கோட்டைகளைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் போற்றுகிறார். ஒரே புலவர், ஒரே அரசன், இரண்டும் புகழ். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் தங்களுக்கு வேண்டிய பாண்டியனை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. புலவர் எழுவாயை மறைப்பதில்லை. நீ உழுதாய், நீ பாழாக்கினாய் என்று அரசனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவருக்கு அது பெருமை. செய்தவன் பெயர் புகழ்ச்சியில் தவறாமல் இருக்கிறது. அது பழியாக மாறிய காலத்தில்தான் வாக்கியத்தை விட்டு நழுவுகிறது. (கிமு 146-இல் அழித்த கார்த்தேஜ் நகரின் மண்ணில் உரோமர் உப்பு விதைத்தார்கள் என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த கதை. பண்டைய ஆசிரியர் எவரும் அதைக் கூறவில்லை. மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.)

"இனப்படுகொலை" என்ற சொல் எப்போது தோன்றியது?

போலந்து யூத வழக்கறிஞரான ரஃபாயேல் லெம்கின் 1944-இல் அதற்கான ஐரோப்பியச் சொல்லை உருவாக்கினார், ஐ.நா. பொதுச்சபை அதைக் குறித்த உடன்படிக்கையை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றது. செயல் மிகப் பழையது. அதற்குப் பெயரிட்டு, செய்தவரைக் கூண்டில் நிறுத்தலாம் என்ற எண்ணம் இன்னும் நூறாண்டைத் தொடவில்லை.

ஓர் இனம் முற்றாக "அழிந்துவிட்டது" என்று நூல்கள் எழுதுகின்றன. அதை நம்பலாமா?

பல இடங்களில் நம்பக்கூடாது; அது இறந்தவர்களைப் பற்றிய செய்தியாக இல்லாமல், பிழைத்தவர்களுக்கு எதிரான வாதமாகவே இருந்திருக்கிறது.

டாஸ்மானியாவில் 1876-இல் ட்ருகனினி என்ற முதியவள் இறந்தாள். அத்தீவின் முதற்குடிகளில் கடைசி ஆள் என்று அன்றைய உலகம் அவளை அறிவித்தது. தன் உடலை அறுக்க விடாதீர்கள் என்று அவள் கெஞ்சியிருந்தும், அவளுடைய எலும்புக்கூடு தோண்டி எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் 1947 வரை காட்சியில் இருந்தது. 1976-இல்தான், இறந்து நூறாண்டு கழித்து, அவளுடைய சாம்பல் அவள் பிறந்த பகுதியின் கடலில் தூவப்பட்டது. ஆனால் அவள் கடைசி ஆள் இல்லை. கடல்நாய் வேட்டைக்காரர்கள் பாஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கொண்டுபோன பெண்களின் வழித்தோன்றல்கள் அப்போதும் வாழ்ந்தார்கள்; இன்றும் பலாவா என்ற பெயரில் வாழ்கிறார்கள். "இனமே அழிந்துவிட்டது" என்ற வாக்கியம் அவர்களுடைய நிலவுரிமையைக் கேட்பாரற்றதாக்கியது. இல்லாதவர்களுக்கு எதைத் திருப்பித் தருவது?

ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவின் கதை இன்னும் விரிவாகப் பரவியது. மரங்களையெல்லாம் வெட்டி, சிலைகளை நிறுவி, ஒருவரையொருவர் கொன்று, தம்மைத் தாமே அழித்துக்கொண்ட மக்கள் என்று, உலகத்துக்கே ஓர் உவமையாக அது சொல்லப்பட்டது. காடு அழிந்தது உண்மை. ஆனால் 2024-இல் வெளியான பழைய மரபணு ஆய்வு, ஐரோப்பியர் வருமுன் அத்தகைய மக்கள்தொகைச் சரிவு நடந்ததற்கான தடயம் இல்லை என்றது. நன்கு பதிவான சரிவு பிற்காலத்தது: 1862-63-இல் பெருவிலிருந்து வந்த அடிமைப் பிடிப்புக் கப்பல்கள் ஏறத்தாழ 1,500 பேரைக் கொண்டுபோயின, திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது, 1877-இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். "மனிதன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான்" என்ற ஆழமான வாக்கியத்துக்குப் பின்னால் பெயரும் துறைமுகமும் உடைய கப்பல்கள் ஒளிந்திருந்தன. சோகமான தத்துவத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

சண்டையிட மறுத்தவர்கள்தானே முதலில் அழிந்தார்கள்? மொரியோரிகளின் கதை அதைத்தானே காட்டுகிறது?

நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாட்டம் தீவுகளில், ரேகோஹு என்று தாங்கள் அழைத்த மண்ணில், மொரியோரி மக்கள் நூனுக்கு என்ற முன்னோரின் ஆணையை ஏற்று, கொலையைத் தடைசெய்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1835-இன் இறுதியில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 900 மாவோரிகள் துப்பாக்கிகளுடன் வந்து இறங்கினர். மொரியோரிகள் கூடி விவாதித்தார்கள். இளையவர்கள் எதிர்த்துப் போரிட விரும்பினார்கள்; நூனுக்குவின் ஆணை காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உத்தியன்று, வாழ்முறை என்று முதியவர்கள் கூறினார்கள். முதியவர்களின் சொல்லே நின்றது. வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, மற்றவர்களை அடிமையாக்கினர். 1,700 அளவில் இருந்த மொரியோரிகள் 1862-இல் 101 பேராகக் குறைந்தனர்.

இந்தக் கதையிலிருந்து "அகிம்சை தற்கொலை" என்ற நீதியை எடுப்பவர்கள் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். படையெடுத்தவர்களே, ஐரோப்பியத் துப்பாக்கிகள் கிளப்பிய உள்நாட்டுப் போர்களில் தங்கள் மண்ணை இழந்து வந்தவர்கள். 1870-இல் ஆங்கிலேயர் அமைத்த நில நீதிமன்றம், தீவுகளின் 97 விழுக்காட்டுக்கும் மேலான நிலத்தைப் படையெடுத்தவர்களுக்கே எழுதிக் கொடுத்தது. பிறகு, மொரியோரி என்ற இனமே முன்பு நியூசிலாந்தில் வாழ்ந்து மாவோரிகளால் அழிக்கப்பட்டது என்ற பொய்க் கதை பள்ளிப்பாடமாயிற்று. மாவோரிகள் செய்ததைத்தானே நாங்களும் அவர்களுக்குச் செய்கிறோம் என்று குடியேறியவர்கள் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அதற்குள் மொரியோரிகள் அழிந்துவிட்டார்களா என்றால், இல்லை. 2020-இல் நியூசிலாந்து அரசு அவர்களோடு தீர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நூனுக்குவின் ஆணையை அவர்கள் இன்றும் தங்களுடையது என்கிறார்கள்.

முதியவர்கள் எடுத்தது சரியான முடிவா? எனக்குத் தெளிவான விடை இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் அனேகமாக இளையவர்கள் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கொன்றவர்களின் குற்றத்தைக் கொல்ல மறுத்தவர்களின் அறியாமையாக மாற்றி எழுதுவது நேர்மையான வாசிப்பாகாது.

விலங்கினங்களின் அழிவையும் வன்முறை என்று சொல்லலாமா?

சில நேர்வுகளில் தயக்கமின்றிச் சொல்லலாம். உயிரினம் ஒன்று முற்றிலும் அற்றுப்போகக்கூடும் என்ற கருத்தே நமக்குப் புதிது. பிரான்சின் விலங்கியலாளர் குவியே 1796-இல் யானைகளின் எலும்புகளை ஒப்பிட்டு அதை நிறுவும் வரை, படைப்பில் ஒரு கண்ணி அறுந்துபோகும் என்று பெரும்பாலான அறிஞர்கள் நம்பவில்லை. அமெரிக்காவின் ஜெஃபர்சன், யானையைப் போன்ற மாஸ்டொடான் மேற்குக் காடுகளில் எங்கோ உயிரோடு உலவிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் அதற்கு முன்பே நாம் செய்து முடித்தவை உண்டு. இயற்கையியலாளர் ஸ்டெல்லர் 1741-இல் வட பசிபிக்கில் கப்பல் உடைந்து ஒதுங்கியபோது கண்டு விவரித்த பெருங்கடற்பசுவை, ரோமத்துக்காக வந்த வேட்டைக்காரர்கள் 27 ஆண்டுகளில் தின்று தீர்த்தார்கள். பறக்கத் தெரியாத கிரேட் ஆக் பறவையின் கடைசி இணையை 1844-இல் ஐஸ்லாந்துக்கு அருகே கொன்றது பசியால் அன்று. அரிதாகிவிட்டதால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள் என்பதால்.

மீண்டும் டாஸ்மானியா. அங்கே மேய்ச்சல் நிலத்துக்காக முதற்குடிகளைத் துரத்திய குடியேற்றம், ஆடுகளுக்காகத் தைலசீன் என்ற வரிப்புலியையும் துரத்தியது. 1888 முதல் 1909 வரை அரசே தலைக்குப் பணம் கொடுத்தது. 2,184 முறை அப்பணம் வழங்கப்பட்ட கணக்கு இருக்கிறது. 1936 ஜூலையில் அது பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. 59 நாள் கழித்து, அறிந்தவரை கடைசியான ஒன்று ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது.

மனித இனமே முழுமையாக அழிந்துபோகக்கூடுமா?

ஏற்கெனவே பல மனித இனங்கள் அழிந்திருக்கின்றன. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால்கள், டெனிசோவர்கள், ஃபுளோரஸ் தீவின் சிறு மனிதர்கள் எனப் பல வகையினர் இப்பூமியில் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். எஞ்சியது நாம் மட்டும். நியாண்டர்தால்கள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தனர்; ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேரூன்றிய மக்களின் மரபணுவில் 2 விழுக்காடு அளவுக்கு இன்னும் இருக்கிறார்கள். நாம் அவர்களைக் கொன்றோமா, மணந்தோமா, வெறுமனே பெருகி நெருக்கினோமா என்பதில் மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

தன்னைத்தானே முழுமையாக அழித்துக்கொள்ளும் வாய்ப்பு 1945-க்குப் பிறகு வந்தது. உலகில் அணு ஆயுதங்களின் எண்ணிக்கை 1986 வாக்கில் ஏறத்தாழ 70,000-ஐத் தொட்டுப் பின்னர் 12,000 அளவுக்கு இறங்கியது. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் உள்ளன. 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அணு டார்பிடோவை ஏவும் பேச்சு எழுந்தபோது வாசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி இணங்கவில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கணினி காட்டியபோது, அது பொய்யெச்சரிக்கை என்று ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. இந்த இருவரைக் குறித்து மகிழ்வதோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு கப்பலின் அறைக்குள் மூவர் பேசி முடிவெடுக்கும் நிலையில் மற்ற எல்லோரையும் வைத்த ஏற்பாட்டைச் சிலர் வரைந்து, சிலர் கையெழுத்திட்டு, சிலர் பணம் ஒதுக்கிக் கட்டினார்கள். "மனித இனம் தற்கொலை செய்துகொள்ளும்" என்ற சொற்றொடர் இங்கும் பொருந்தாது. தற்கொலையில் சாகிறவர்தான் முடிவெடுப்பார்.

இவ்வளவும் செய்த இனம் அழிந்தால் பூமிக்கு நல்லதுதானே?

இதைக் கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் ஓர் இரவில் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் இந்தக் கூற்று, ட்ருகனினியையும் அவளைக் காட்சிப்பொருளாக்கியவர்களையும், விலகி நின்ற பன்னிரண்டு பேரையும் சுட்டவர்களையும் ஒரே தண்டனைக்கு உரியவர்களாக்குகிறது. இனம் முழுவதற்கும் ஒரே தீர்ப்பு என்பதுதான் நாம் இதுவரை பேசிய எல்லாக் கொலைகாரர்களின் தர்க்கமும். அதோடு, பேரழிவு வரும்போது காரணமானவர்களுக்கு நிலவறைகள் இருக்கும். முதலில் சாகிறவர்கள் கடற்கரையிலும் வறண்ட நிலத்திலும் வாழ்பவர்கள்.

மனிதன் திட்டமிட்டு அழித்தவற்றில் நல்லது ஏதும் உண்டா?

இரண்டு உண்டு. பெரியம்மை இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980-இல் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பனிப்போரின் நடுவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து செய்த வேலை அது. இன்றும் அதன் கிருமியை இரண்டு ஆய்வகங்களில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று ரஷ்யாவில். கால்நடைகளைக் கொன்ற வெக்கை நோய் 2011-இல் ஒழிக்கப்பட்டது. இவற்றுக்குப் பாடல்கள் இல்லை.

வென்றவர்கள் எப்போதாவது உண்மையாக வருந்தியிருக்கிறார்களா?

வருத்தம் பதிவாகியிருக்கிறது. அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1904 அக்டோபரில் இன்றைய நமீபியாவில், ஹெரேரோ மக்களைச் சுட்டுத்தள்ள ஜெர்மானியத் தளபதி ஃபொன் ட்ரோத்தா உத்தரவிட்டார். 2021-இல் ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு நிதி வழங்க முன்வந்தபோது, பேச்சுவார்த்தை அரசுகளுக்கிடையே நடந்தது, எங்களோடு நடக்கவில்லை என்று ஹெரேரோ மக்களின் வழித்தோன்றல்களும், அதே இனப்படுகொலைக்கு ஆளான நாமா மக்களின் வழித்தோன்றல்களும் பலர் எதிர்த்தனர்.

வருந்திய வெற்றியாளர் என்றதும் எல்லோரும் அசோகரைச் சொல்வார்கள். அவருடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் உண்மையிலேயே அரியது: கலிங்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதைப் போலப் பல மடங்கினர் மாண்டனர் என்று கூறி, அதற்காகத் தாம் வருந்துவதாக வென்ற அரசரே அறிவிக்கிறார். அதே சாசனம் காட்டுவாழ் மக்களை நோக்கி, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை அரசரிடம் உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறது. இந்தச் சாசனம் வடமேற்கே ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது, மேற்கே கிர்நாரில் இருக்கிறது, தெற்கே எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்தில் இல்லை. அங்கே தௌலியிலும் ஜௌகடாவிலும் மற்ற சாசனங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டு, பதினொன்றாவது முதல் பதின்மூன்றாவது வரை விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக, அம்மண்ணை ஆளும் அதிகாரிகளுக்கென்று எழுதிய இரண்டு தனிச் சாசனங்கள் உள்ளன. "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்ற புகழ்பெற்ற வரி அவற்றில்தான் வருகிறது.